ஏலே என்றால் வரும் நாய்

எங்கள் வீட்டு நாய்க்கு ஒரு பெயர் உண்டு. அது அந்த நாய்க்குத் தெரியாது. தம்பி சாத்தான்குளத்திலிருந்து அதைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்த அன்றே, வாயில் நுழையாத ஓர் இங்கிலீஷ் பெயரைச் சூட்டிவிட்டுப் போனான். தடுப்பூசி அட்டையில் அந்தப் பெயர் இன்னும் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நான் உட்பட. கூப்பிட்டிருந்தால் இவ்வளவு அவதி வந்திருக்காது.

நாய் வந்ததே அப்பாவுக்காகத்தான். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் தளர்ந்துபோயின. பேச்சும் போயிற்று. என் கணவருக்குச் சவூதியில், தம்மாமில் வேலை, மகள் மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆகவே நான் என் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். தூத்துக்குடியில், திரேஸ்புரம் போகிற ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில் இருக்கிறது அந்த வீடு.

அப்பா மளிகைக்கடை வைத்திருந்தவர். ஊருக்கெல்லாம் அண்ணாச்சி. கடையில் நின்ற ஆட்களை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. "ஏலே, சீனி கட்டு." "ஏலே, அந்த மூட்டையப் பிரி." "ஏலே, அண்ணாச்சிக்கு என்ன வேணும்னு கேளு." தம்பியும் ஏலேதான். பெண்பிள்ளை என்பதால் எனக்கு மட்டும்தான் ஏளா. "ஏளா, காப்பி போடு." "ஏளா, இங்கன வா." கல்யாணமாகி, என் மகள் காலேஜ் போன பிறகும் நான் அவருக்கு ஏளாதான். அம்மா இல்லாத அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு ஆளே கிடையாது.

ஆஸ்பத்திரியில் அவர் கொஞ்சம் தெளிந்த பிறகு, ஒருநாள் காலையில் வாயைத் திறந்து "ஏலே" என்றார். நான் ஓடிப்போய், "அப்பா, தண்ணி வேணுமா?" என்றேன். "ஏலே" என்றார். வலிக்கிறதா என்று கேட்டேன். அதற்கும் ஏலே. டாக்டர் விளக்கினார். மூளையில் பேச்சுக்கு உரிய இடம் அடிபட்டால், சிலருக்கு ஆயுசு முழுக்கச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த ஏதாவது ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சுமாம். நாம் பேசுவது புரியும், அவருக்குத்தான் சொல்ல வராது, பொறுமையாக இருங்கள் என்றார்.

மிஞ்சியது ஏலே. என்னுடையது இல்லை. இந்த நிலைமையில் இதற்குப் போய் வருத்தப்படுகிறோமே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் வருத்தப்பட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த ஒரு சொல்லை வைத்து அவர் எல்லாக் காரியமும் பார்த்தார். நீட்டி இழுத்தால் தண்ணீர். வெட்டிச் சொன்னால் டிவியை மாற்று. மெதுவாக, கேள்வி போல வந்தால் தம்பி போன் செய்தானா என்று அர்த்தம். எனக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. ஆனால் ஒரு மனிதர் பகல் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. தம்பியிடம் போனில் புலம்பினேன். அவன் அடுத்த வாரமே ஒரு குட்டியோடு வந்து இறங்கினான்.

"யக்கா, சிப்பிப்பாறைக் குட்டி. சொன்ன பேச்சு கேக்கும். அப்பாவுக்குத் தொணைக்கு ஆச்சு" என்றான்.

அந்தக் காதையும் வாலையும் பார்த்தால், சிப்பிப்பாறைக்கும் அதற்கும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவந்த உறவுகூட இருக்காது. சொன்ன பேச்சு கேட்கும் என்பதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் இரண்டு மூன்று மாதம் சொர்க்கம். அப்பாவின் காலடியில் சுருண்டு கிடக்கும். அவர் "ஏலே" என்றால் உடம்பையே வாலாக்கிக்கொண்டு ஓடிவரும். அவர் இடது கையைத் தொங்கவிடுவார், அது நக்கும். பேச்சுப் போன பிறகு, அந்த வீட்டில் அப்பா சொன்ன வார்த்தை சொன்னபடி பலித்தது அந்தக் குட்டியிடம் மட்டும்தான். என்னிடம் ஏலே என்றால் நான் "என்னப்பா, தண்ணியா? டிவியா? காத்தாடி போடணுமா?" என்று பட்டியல் வாசிப்பேன், அவர் சோர்ந்துபோவார். நாய் எதுவும் கேட்காது. ஏலே என்றால் வா என்று அர்த்தம், அவ்வளவுதான். அப்பா சிரிக்க ஆரம்பித்தார். வாய் ஒரு பக்கம் கோணும், ஆனால் சிரிப்புதான். நான் தம்பிக்குப் போன் செய்து, உனக்குக்கூட ஒரு நல்ல புத்தி வந்திருக்கிறதே என்று சொன்னேன்.

பிறகு அது வளர்ந்தது.

வளர்ந்தது என்றால், கால்கள் மட்டும் முதலில் வளர்ந்தன. புத்தி அங்கேயே நின்றுவிட்டது. நேற்றுவரை படுத்துக் கிடந்த பிராணி, ஒருநாள் காலையில் எழுந்து வீட்டைப் பிரித்து மேய ஆரம்பித்தது. அப்பாவின் ரப்பர் செருப்பில் வலது கால் செருப்பை மட்டும் தின்னும். எதிர்வீட்டு மொட்டைமாடியில் காயப்போட்ட கருவாட்டை இரண்டு வீட்டுச் சுவர் தாண்டிப் போய் எடுத்து வந்தது. கொடியில் காயும் சேலையைப் பிடித்துத் தொங்கும். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் இது பதிலுக்கு ஊதும். ஆள் வந்தால் இரண்டு காலையும் தூக்கி மார்பில் வைக்கும். அதட்டினால் விளையாட்டு என்று நினைத்துக் கையைக் கவ்வும். கையை இழுத்தால் இன்னும் இறுக்கும். என் இரண்டு முழங்கையும் முள்வேலிக்குள் விட்டு எடுத்த மாதிரி கீறலாக இருந்தது.

இதெல்லாம்கூடப் போகட்டும். அப்பா பிடித்து நடக்கிற வாக்கருக்கு நான்கு காலிலும் ரப்பர் குப்பி இருக்கும், தரையில் வழுக்காமல் இருக்க. அதைக் கடித்துத் துப்பிவிட்டது. புதிது வாங்கி மாட்டினேன். அதையும் கடித்தது. ரப்பர் இல்லாத வாக்கர் மொசைக் தரையில் எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. "ஒரு தடவை விழுந்தா எழுப்பி நடக்கவைக்கிறது கஷ்டம்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் தினமும் விடிந்ததும் முதல் வேலையாகக் குனிந்து அந்த நான்கு ரப்பரும் இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகுதான் பல் துலக்குவது.

மிருக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டிக்கொண்டு போனேன் என்பது மரியாதைக்காக. அது என்னை இழுத்துக்கொண்டு போனது. டாக்டரம்மா கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், சின்ன வயசு.

"இந்த வயசு இப்படித்தாங்க. பத்தாங்கிளாஸ் படிக்கிற பையன் மாதிரி. காது கேக்கும், கேக்காத மாதிரி இருப்பான்" என்று சொல்லிவிட்டு, அட்டையைப் பார்த்துப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நாய் மின்விசிறியைப் பார்த்தது. மறுபடி கூப்பிட்டார். அது கொட்டாவி விட்டது.

"செவிடா இருக்குமோ?" என்று நானே கேட்டேன்.

அப்போது வெளியே ஓர் ஆள் இன்னொரு ஆளைப் பார்த்து, "ஏலே, அந்த கேட்ட சாத்துலே" என்று கத்தினார். நாய் மேசையிலிருந்து குதித்தது. சங்கிலி என் கையில் சுற்றியிருந்தது. நானும் ஒரு ஸ்டூலும் வாசல்வரை போய்த்தான் நின்றோம். நாய் அந்த முன்பின் தெரியாத ஆளின் சட்டையில் இரண்டு காலையும் வைத்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. இதோ வந்துவிட்டேன், என்ன வேண்டும் என்கிற முகம்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "வீட்ல இவன எப்படிங்க கூப்பிடுவீங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா ஏலே என்று கூப்பிட்டார். அதைக் கேட்டுக் கேட்டு நானும் ஏலே என்றே கூப்பிட்டேன், திட்டினேன், கொஞ்சினேன். தம்பி வந்தாலும் ஏலே. அந்தச் சொல்தான் தன் பெயர் என்று நாய் முடிவு செய்துவிட்டது. அதில் அதன் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் தூத்துக்குடியில் ஒரு நாய்க்கு ஏலே என்று பெயர் இருந்தால் அது வீட்டில் தங்குமா? டீக்கடையில் ஏலே, ஆட்டோவில் ஏலே, வலை இழுக்கிற இடத்தில் மூச்சுக்கு மூச்சு ஏலே. இந்த ஊரில் அது ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குத்தான் ஓடும்? அது அடங்காத நாய் இல்லை. ஊரே கூப்பிடக் கூப்பிட ஓடி ஓடி அலுத்த நாய்.

டாக்டரம்மா பாடம் சொல்லிக்கொடுத்தார். மேலே தாவினால் முகம் கொடுக்காமல் திரும்பி நில்லுங்கள். கடித்தால் கத்தாதீர்கள், எழுந்து போய்விடுங்கள். கடிக்கத் தனியாக ஏதாவது கொடுங்கள். உட்காரு, இரு, விடு, இந்த மூன்று வார்த்தை போதும். தெளிவாகச் சொல்லுங்கள், ஒரே குரலில் சொல்லுங்கள், கேட்டு நடந்தால் அந்த நொடியே வாயில் ஒரு துண்டு தீனி. முக்கியமாக, அந்த ஏலேயை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது.

"எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணுங்க. ஒருத்தர் மாத்திச் சொன்னாலும் அவன் குழம்பிடுவான்."

"எங்க வீட்ல ஒருத்தரால மாத்த முடியாது" என்றேன். விவரம் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். "சரிங்க, முடிஞ்ச வரைக்கும் பாருங்க" என்றார்.

இதே சமயத்தில் அப்பாவுக்கும் பாடம் நடந்துகொண்டிருந்தது. பேச்சுப் பயிற்சிக்கு ஒரு தம்பி வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வருவார். படம் போட்ட அட்டைகளைக் காட்டுவார். தண்ணீர், சோறு, சட்டை, பஸ். அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். அறுபது வருஷம் வியாபாரம் பேசிய மனிதரிடம் போய்ப் பஸ் படத்தைக் காட்டினால் வேறென்ன செய்வார்? பயிற்சித் தம்பி என்னிடம் தனியாகச் சொன்னார். "நீங்க அவர் ஏலேன்னதும் ஓடிப்போய் எல்லாம் செஞ்சு குடுத்துடுதீங்க. அப்புறம் அவர் எதுக்கு வேற வார்த்தை தேடணும்? கொஞ்சம் பொறுங்க. அவர் தேடட்டும்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். அவர் ஏலே என்பார். நான் அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நாய் ஓடிவந்து அவர் மடியில் ஏறிவிடும். அவர் சிரித்துவிடுவார், தேட வேண்டிய வார்த்தை காற்றோடு போய்விடும். அங்கே ஏலேயைச் சொல்லவிடாதே என்கிறார்கள் நாய்க்காக. இங்கே ஏலேக்கு ஓடிப்போகாதே என்கிறார்கள் அப்பாவுக்காக. அப்பாவால் சொல்லாமல் இருக்க முடியாது, நாயால் வராமல் இருக்க முடியாது. நடுவில் நான் ஒருத்தி. ஒரு வாரம் கழித்து நாய் அந்தப் பட அட்டைகளையும் தின்றுவிட்டது. சோற்றைத்தான் முதலில் தின்றது.

ஆனாலும் விடவில்லை. தினமும் வெயில் சாய்ந்ததும் முன்வாசலில் நாய்க்குப் பள்ளிக்கூடம். அப்பா நாற்காலியில் இருப்பார். பிஸ்கட்டுக்கு அது அசையவில்லை. நெத்திலிக் கருவாட்டை உப்புப் போகக் கழுவி, வெயிலில் காயவைத்து, எண்ணெய் இல்லாமல் வறுத்து ஒரு சின்ன டப்பாவில் போட்டு, அப்பாவின் இடது கைக்கு எட்டுகிற மாதிரி ஸ்டூலில் வைப்பேன். "உட்காரு" என்பேன். உட்காரும், நெத்திலி வாசனைக்காக. "இரு" என்று கையை உயர்த்திவிட்டு இரண்டடி பின்னால் போவேன். எழுந்து வந்துவிடும். திரும்பக் கொண்டுபோய் உட்கார வைத்து, "இரு." வந்துவிடும். "இரு." வந்துவிடும். அந்த இரண்டெழுத்துச் சொல்லை அந்த மாதங்களில் நான் சொன்ன மாதிரி தமிழ்நாட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சில நாள் குரல் கம்மிவிடும். சில நாள் கோபத்தில் அழுகை வந்துவிடும். "சனியனே, ஒரு நிமிஷம் இரேன்" என்று தரையில் உட்கார்ந்துவிடுவேன். அது வந்து என் மடியில் தலையை வைத்துக்கொள்ளும். அப்பா டப்பாவிலிருந்து ஒரு நெத்திலியை எடுத்து அதற்குப் போட்டுவிடுவார். கேட்டு நடந்தால்தான் கொடுக்க வேண்டும் என்று அவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். ஏலே என்றார், சும்மா கிட என்கிற தொனியில்.

எதிர்வீட்டுக்காரர் கடலில் மூழ்கிச் சங்கு எடுக்க, சங்கு குளிக்கப் போகிறவர். விடிந்தும் விடியாமல் அவருடைய கூட்டாளிகள் பைக்கில் வந்து சந்துமுனையில் நிற்பார்கள். ஒருநாள் அவர் கிளம்பத் தாமதம். நான் அப்பாவை வாக்கரோடு வாசல் கேட்வரை நடத்திக் கூட்டிவந்திருந்தேன், காலை நடைக்கு. நாயின் சங்கிலியைக் கேட் கம்பியில் மாட்டியிருந்தேன். கொக்கியைச் சரியாகப் பூட்டவில்லையா, அது பிடுங்கிக்கொண்டதா, தெரியாது. எதிர்வீட்டுக்காரர் படியிறங்கி, சந்துமுனையைப் பார்த்து, "ஏலே, வந்துட்டேம்லே" என்று ஒரு குரல் கொடுத்தார். கடலில் படகுக்குப் படகு பேசிப் பழகிய தொண்டை.

நாய் பாய்ந்தது. சங்கிலி வாக்கரின் காலைச் சுற்றிக்கொண்டு போனது. அப்பா விழுந்தார்.

நான் இரண்டடி தூரத்தில்தான் நின்றேன். கையை நீட்டினேன், சட்டைத் துணிதான் விரலில் பட்டது. நெற்றி கேட்டின் விளிம்பில் அடித்து ரத்தம் வழிந்தது. எதிர்வீட்டுக்காரர்தான் ஓடிவந்து அவரைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி ஆட்டோவில் வைத்தார். நல்லவேளை எலும்பு முறியவில்லை, நெற்றியில் தையல் போட்டார்கள். ஆஸ்பத்திரி பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அந்த மனிதர், "யக்கா, நான் கூப்பிட்டது என் கூட்டாளிய. சத்தியமா நாய இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குத் தெரியாதா? மறுநாளிலிருந்து எங்கள் சந்தில் யாரும் ஏலே சொல்வதில்லை என்று அவரே ஒரு சட்டம் போட்டார். விசிலடித்துக் கூப்பிடுவதாக ஏற்பாடு. மறுநாள் காலையில் ஒரு பையன்கூட மீறவில்லை. எதிர்வீட்டுக்காரரே தன் கூட்டாளியைப் பார்த்து, "ஏலே, விசிலடிக்கச் சொன்னேம்லா?" என்று கத்தியதோடு சட்டம் முடிந்தது.

அப்பா விழுந்த அன்று சாயங்காலமே தம்பி வந்திருந்தான். அப்பாவின் நெற்றிக் கட்டைப் பார்த்ததும் அவன் முகம் சுண்டிவிட்டது.

"யக்கா, போதும். ஞாயித்துக்கிழம வண்டி கொண்டாரேன். சாத்தான்குளத்து முருங்கைத் தோட்டத்துல கெடக்கட்டும். அங்கன அது யார வேணும்னாலும் தள்ளட்டும்" என்றான்.

நான் மறுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ரப்பரை எண்ண வேண்டாம், கேட்டைப் பார்த்துப் பார்த்துச் சாத்த வேண்டாம், இரு இரு என்று தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டாம். "கொண்டுபோலே" என்றேன். நாய் ஓடிவந்து என் முன்னால் நின்றது.

அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் புரியும் என்பதை நாங்கள்தான் அடிக்கடி மறந்துபோவோம்.

அதன் பிறகு அவர் ஏலே சொல்வதை நிறுத்திவிட்டார். முதலில் நான் கவனிக்கவில்லை. வீடு அமைதியாக இருக்கிறதே என்று நினைத்தேன். தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைப் பார்ப்பார். டிவி ஓடினால் ஓடும். நாய் அவர் நாற்காலிக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, காதை நிமிர்த்தி, அவர் வாயையே பார்க்கும். கூப்பிடு, வருகிறேன் என்று அது காத்திருக்கும். வந்தாயிற்று, இனி எங்கே வருவது என்பதுகூட அதற்குத் தெரியாது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தன் வாயால்தான் நாய் போகிறது என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருந்தால் நாயை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. கேட்டால் சொல்ல அவருக்கு வார்த்தை இல்லை.

எனக்குப் பயம் வந்தது. இருந்த ஒரே சொல்லையும் இந்த மனிதர் மூடி வைத்துவிட்டார். நாய் இருந்தால் விழுவார், நாய் போனால் பேசமாட்டார். பயிற்சித் தம்பிக்குப் போன் செய்தேன். அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்? அடுப்படியில் நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். "அப்பா, ஏலேன்னு ஒரு தடவ சொல்லுங்கப்பா" என்று அவர் முன்னால் போய் உட்கார்ந்து கெஞ்சினேன். எனக்கு உரியது இல்லை என்று எந்தச் சொல்லுக்காகக் குமைந்தேனோ, அந்தச் சொல்லுக்காக. அவர் என் தலையில் இடது கையை வைத்தார். வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியோடு வந்தான். அப்பாவைக் கேட் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். உள்ளேயே இருக்கட்டும் என்று தம்பி சொன்னான். எனக்கு மனசு கேட்கவில்லை. நாய்க்கு வண்டி என்றால் கொண்டாட்டம், தானே ஏறிக்கொண்டது. தம்பி அதன் கழுத்துக் கயிற்றைக் கம்பியில் கட்டினான். நான் சோற்றுத் தட்டையும், அது பாதி தின்ற செருப்பையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தேன். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான்.

"இரு."

நான் நின்றேன். தம்பி வண்டியை அணைத்துவிட்டான். யார் சொன்னது என்று முதலில் தெரியவில்லை. கட்டைக் குரல். கொஞ்சம் கம்மியிருந்தது, பாடம் நடத்தி நடத்தி என் குரல் கம்முமே, அந்த மாதிரி.

"யக்கா" என்றான் தம்பி மெதுவாக. "அப்பா என்ன சொன்னாவ?"

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா இடது கையை உயர்த்தியிருந்தார், உள்ளங்கை வெளியே தெரிய. முன்வாசலில் நாய்க்கு நான் காட்டுகிற அதே கை.

"இரு" என்றார் மறுபடி.

யாரைச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாயையா, தம்பியையா, என்னையா. ஆனால் கேட்டு நின்றவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நாய் நிற்கவில்லை. கயிற்றை உருவிக்கொண்டு வண்டியிலிருந்து குதித்து, நேராக ஓடிவந்து அவர் மடியில் இரண்டு காலையும் தூக்கிப் போட்டது. நாற்காலி பின்னால் சாய்ந்தது. நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டோம். நாயின் தலைக்கு மேலே அப்பா, "இரு, இரு, இரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கண்ணீரும் எச்சிலும் ஒன்றாக வழிந்தன. நாய் எல்லாவற்றையும் நக்கியது. தம்பி என்னைப் பார்க்காமல், பையை என் கையிலிருந்து வாங்கி, தட்டை எடுத்து, அது எப்போதும் இருக்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான்.

பயிற்சித் தம்பி அடுத்த முறை வந்தபோது அசந்துபோனார். "இந்த வார்த்தைய யார் பழக்குனது? எப்படிப் பழக்குனீங்க?" என்று கேட்டார். நாய்க்குப் பழக்கினேன் என்று சொன்னேன். அவர் நோட்டை மூடிவைத்துவிட்டு, தினமும் அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்துங்கள், நிறுத்திவிடாதீர்கள் என்று மட்டும் சொல்லிப் போனார்.

இதைக் கேட்டு எங்கள் வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நாய் இன்னும் ரப்பரைத் தின்கிறது. இன்னும் ஊர் ஏலேக்கெல்லாம் ஓடப் பார்க்கிறது. அதனால் கேட்டுக்கு இரண்டு கொக்கி, அப்பா நடக்கிற நேரம் நாய் உள்ளே, நான் வெளியே. அப்பாவிடம் ஏலே திரும்பி வந்துவிட்டது, கூடவே இரு என்ற சொல்லும் வந்திருக்கிறது. சில நாள் விடு என்று சொல்ல முயற்சி செய்கிறார், வி மட்டும் வருகிறது. ஏளா வரவில்லை. வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வாரம் முன்வாசலில் பாடம் முடிந்தது. வழக்கம் போல நாய் ஒன்றும் படிக்கவில்லை. எனக்கு உலையில் அரிசி போட வேண்டும், எழுந்தேன். "இரு" என்றார் அப்பா. நாய் அவருக்குப் பின்னால் செருப்பைத் தின்றுகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நான் உட்கார்ந்தேன். பிறகு அவர் இடது கையால் டப்பாவைத் துழாவி, ஒரு நெத்திலியை எடுத்து என் பக்கம் நீட்டினார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

வாங்கித் தின்றேன். உப்பே இல்லை.